ஒலிக்காத ஏழு கட்டைகள்

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தா. பெஞ்சில் நானும் சிந்துஜாவின் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். எதிரில் மூடிய கதவு. அதன் பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு ஒரு பெண், நாற்காலியில். கதவுக்கு அந்தப் பக்கம் என் மாணவி சிந்துஜா எட்டாம் கிரேடு பியானோ பரீட்சையில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

எட்டுதான் கடைசிப் படி. அந்த வருடம்தான் அவள் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்திருந்தாள். நல்ல வெயில் காலம். வராந்தாவில் பினாயில் வாசனையும் உப்புக் காற்றும் கலந்து வந்தன.

அம்மா கைப்பைக்குள் கையை விட்டு ஏதோ சாமி படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முழங்கால் மேல் விரல்களை வைத்து, உள்ளே இருப்பவளோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் உருப்படி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது, மெதுவாகத் தொடங்கிப் போகப் போகக் கனக்கும் ஒன்று. அதன் கடைசி வரியில் இடது கை மூன்று முறை பியானோவின் அடிக்கோடிக்குப் பாய்ந்து, ஒரே ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே வர வேண்டும். கீழ் ‘சி’. அதே நேரத்தில் வலது கைக்கும் வேலை இருப்பதால் கண்ணால் பார்த்துக்கொண்டு பாய முடியாது.

முதல் பாய்ச்சல். ‘டி’ கேட்டது. பக்கத்துக் கட்டை. பெடல் அழுத்தியிருந்ததால் அந்தத் தப்பு மறையாமல் நின்று உறுமியது.

இரண்டாவது பாய்ச்சல். மறுபடியும் ‘டி’.

பிறகு ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அந்த ஒரு நொடியில் அவள் குனிந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது ‘சி’ சரியாக விழுந்தது. ஆனால் தாளம் உடைந்துவிட்டது.

“முடிஞ்சிருச்சா மாஸ்டர்? கடைசில கம்பீரமா இருந்துச்சு இல்ல?” என்றார் அம்மா.

“ஆமாங்க.”

பதற்றத்தில் தவறும் விரல் ஒரு முறை இங்கே விழும், ஒரு முறை அங்கே விழும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அது பழக்கம். பழக்கியவன் நான். கதவுக்கு வெளியே இருந்த மூன்று பேரில் அதைத் தெரிந்துகொண்டவனும் நான் ஒருவன்தான். என் முழங்காலில் என் சுண்டுவிரல் இன்னும் அழுத்தியபடியே இருந்தது.

சத்தம் வராத வாத்தியம்

போன வாரம் மேல்பட்டாம்பாக்கத்தில் நான் படித்த விடுதியின் ஹாலில் இருந்த பியானோவைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதைத் தொட அனுமதி உண்டு, விடுமுறையில் அதுவும் கிடையாது.

அதனால் எட்டாம் வகுப்பு விடுமுறையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டிய எங்கள் வடக்குத்து வீட்டில் ஒரு பியானோ செய்தேன். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கட்டடம் கட்டுமிடத்தில் கழித்துப் போட்ட சென்ட்ரிங் பலகை ஒன்றைத் தோளில் கொண்டுவந்து போட்டார். அதில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஸ்கேல் வைத்துக் கட்டைகளை வரைந்தேன். ஐந்து ஆக்டேவ் வேண்டும், முப்பத்தைந்து வெள்ளைக் கட்டைகள். பலகையோ நீளம் போதவில்லை. எனவே கட்டைகளைக் கொஞ்சம் ஒடுக்கி, ஒன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டேன். கணக்கு அழகாக அடங்கியது. அந்த வயதில் எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்தார்.

“இன்னாடா, சத்தமே வராத வாத்தியத்த வாசிச்சிக்கினு இருக்கற?”

“மனசுக்குள்ள கேக்கும்ப்பா.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “நல்ல வாத்தியந்தான், வுடு. பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்க.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். நான் செய்யும் வேலைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் கிடையாது. “டவுன்ஷிப்புல பாட்டு சொல்லித் தரான்” என்றுதான் அம்மா மற்றவர்களிடம் சொல்வார். “பாட்டு இல்லம்மா, பியானோ” என்று ஒரு முறை திருத்தினேன். “அதாண்டா, பொட்டி” என்றார். பிறகு நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

கரண்ட் இருக்கும் ஊர்

மின்வெட்டு தலைவிரித்தாடிய அந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வடக்குத்தில் என் அறையில் கீபோர்டைப் போட்டு உட்கார்ந்தால், ஒரு ஸ்வர வரிசை ஏறி இறங்குவதற்குள் கரண்ட் போய்விடும். நான் நிறுத்தமாட்டேன். செத்த கட்டைகளிலேயே மீதியை வாசித்து முடிப்பேன். பலகையில் வளர்ந்தவனுக்கு அது புதிதில்லை.

நகரியத்துக்குள் அந்தத் தொல்லை இல்லை, கரண்ட் தயாராவதே அங்கேதான். சாயங்காலம் நாலு மணிக்கு சைக்கிளை எடுத்தால் எட்டு மணி வரை பிளாக் பிளாக்காகப் போய்ச் சொல்லித் தருவேன். புதிதாக ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“எந்த பிளாக் மாஸ்டர் நீங்க?”

“வடக்குத்துங்க.”

“ஓ. அப்பா பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

கான்ட்ராக்ட் என்றதும், “உக்காருங்க, காபி கொண்டாரேன்” என்று பேச்சு மாறும். நல்லவர்கள்தான். யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஆனாலும் ஐந்து வருடத்தில் எந்த வீட்டிலும் நான் ஹாலைத் தாண்டியதில்லை. பக்கத்து அறையில் குடும்பம் சிரிக்கும், டிவி ஓடும், தோசை வார்க்கும் வாசனை வரும். நான் ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று “ஒன், டூ, த்ரீ” எண்ணிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானே ஏழாம் கிரேடோடு நின்றவன். எட்டுக்குப் போகவில்லை. “நீங்க எது வரைக்கும் மாஸ்டர்?” என்று கேட்பவர்களிடம் “அட்வான்ஸ்டுங்க” என்பேன். தலையாட்டுவார்கள். மேல் கிரேடு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதைப் புத்தகம் பார்த்து, அவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாக நான் படித்துக்கொண்டு போவேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. நெய்வேலியில் அப்போது எனக்குத் தெரிந்து எட்டாம் கிரேடு பேச்சு பேச இரண்டே பேர்தான் இருந்தோம். நானும் சிந்துஜாவும்.

ஒரு சாண் பலகை

சிந்துஜாவின் வீடு பதினாறாவது பிளாக்கில். அப்பா மைன்ஸில் ஃபோர்மேன், பெர்மனன்ட். சிந்துஜாவுக்கு அசாத்தியமான காது. ஷிஃப்ட் சங்கு ஊதினால் “இன்னிக்கு சுருதி கொஞ்சம் ஃபிளாட்டா இருக்கு சார்” என்பாள்.

அவளுக்குச் சென்னையில் இசைக் கல்லூரியில் சேர ஆசை. அப்பாவுக்கு இன்ஜினியரிங். எட்டாம் கிரேடுக்குப் பணம் கட்டும் முன் அவர் எங்கள் இருவரையும் ஹாலில் உட்கார வைத்தார்.

“வெறும் பாஸ் பத்தாது. மெரிட் வாங்கினா மியூசிக் காலேஜ். வாங்கலன்னா கவுன்சிலிங். நடுவுல அழுகை கிழுகை கிடையாது. சரியா?”

“சரிப்பா.”

“மாஸ்டர், நீங்கதான் சாட்சி.”

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவள் வீட்டில் இருந்தது அறுபத்தோரு கட்டைக் கீபோர்டு. முழுப் பியானோவுக்கு எண்பத்தெட்டு. அதுவரை அவள் வாசித்ததெல்லாம் இந்த அறுபத்தொன்றுக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவது உருப்படியின் அந்தக் கீழ் ‘சி’ மட்டும் கீபோர்டு முடிந்து ஏழு வெள்ளைக் கட்டைகள் தள்ளி, வெறும் காற்றில் இருந்தது. பக்கத்தில் எங்கும் எங்களுக்குத் தொடக் கிடைக்கிற பியானோ இல்லை.

எனக்குப் பலகை நினைவு வந்தது. பரணிலிருந்து இறக்கி, ஏழு கட்டைகளை மட்டும் அறுத்தெடுத்தேன். ஒரு சாணுக்கும் குறைவான துண்டு. கீபோர்டின் ஓரச் சட்டத்தின் மேல் படிந்து, கடைசிக் கட்டையை ஒட்டியே தொடங்கும்படி அதன் அடியை இரண்டு நாள் இழைத்தேன். ஒரு நூல் இடைவெளி இல்லை. அந்த ஓரத்தில் காட்டிய கவனத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அதை மாட்டியபோது மனதில் என்ன ஓடியது என்பதையும் ஒளிக்க வேண்டாம்: நான் படித்த பலகையில் எட்டாம் கிரேடு வாசிக்கப் போகிறார்கள்.

முதல் நாளே அவள் கேட்டாள்.

“சார், இந்தக் கட்டையெல்லாம் கொஞ்சம் சின்னதா இல்ல?”

“ஓரத்துல இருக்கறதால அப்பிடித் தெரியும். பழகிடும்.”

அவள் பழகிக்கொண்டாள். நாலு மாதம். அவள் அம்மாவின் பழைய துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐம்பது பாய்ச்சல். ஒவ்வொரு முறையும் நான் குனிந்து பார்ப்பேன். சுண்டுவிரல் நான் வரைந்த கட்டத்துக்கு நட்டநடுவில் இருக்கும். பலகையில் சத்தம் வராது. ‘டக்’ என்று மரம் தட்டும், அவ்வளவுதான்.

“கரெக்ட்” என்பேன்.

ஒரு நாள் அவள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

“என்ன மாஸ்டர், கண்ணைக் கட்டிக்கிட்டு மரத்தைத் தட்டுறா? இதுக்கா மார்க்கு?”

“ஐம்பதுக்கு ஐம்பது தட்டறாங்க, சார்.”

“எங்க செக்‌ஷன்ல இப்பிடி ஒரு ஆளு கெடச்சா விடமாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பரவாயில்லை

கதவு திறந்து சிந்துஜா வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா அணைத்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து அவள் சொன்னாள்:

“சாரி சார். கடைசில தப்பு பண்ணிட்டேன்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தப்பு உன்னுடையதில்லை, பலகையுடையது, அதை ஒடுக்கி வரைந்தது நான் என்று. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சென்ட்ரிங் பலகை, ஸ்கேல், இரண்டு சென்டிமீட்டர். நிஜப் பியானோவில் கட்டை அதைவிட அகலம். ஒரு கட்டைக்கு இத்துனூண்டு வித்தியாசம். ஏழு கட்டை தாண்டினால் முழுசாக ஒரு கட்டை.

“பரவாயில்லை” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அதுதான். அவள் மன்னிப்புக் கேட்கிறாள், நான் மன்னித்துவிடுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அம்மாவும் மகளும். அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார். கடலூர் தாண்டும் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன், இப்போது சொல்லிவிடலாம் என்று. ‘இவனுக்கே எட்டாம் கிரேடு இல்லையாமே, பலகையில் படித்தவனாமே’ என்று பிளாக் பிளாக்காகப் பேச்சு போவதும் கண்ணில் தெரிந்தது. ரிசல்ட் வரட்டும், ஒருவேளை மெரிட்டே வந்துவிடும், அப்போது இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பரீட்சை முடிந்ததால் வகுப்பும் நின்றுவிட்டது. அந்தப் பிளாக் வழியாகப் போக வேண்டிய நாட்களில் நான் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. தினமும் நாலு ஹால்களில் நாலு பிள்ளைகளோடு பேசினேன், வீட்டில் பேசினேன். பேச வேண்டியதை மட்டும் பேச யாரும் இல்லை.

ரிசல்ட் மெசேஜில் வந்தது. பாஸ். மெரிட்டுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. மூன்றாவது உருப்படிக்குக் கீழே, முடிவில் இடது கையின் அடி ஸ்வரங்கள் தவறியதால் வாசிப்பு நின்றது என்று பரீட்சகர் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

சாட்சி

சிந்துஜாவின் அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். கீபோர்டு உறை போட்டுச் சுவரோரம் நின்றது. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. பலகை, இரண்டு சென்டிமீட்டர், அவள் கேட்டதும் நான் தட்டிக்கழித்ததும், துப்பட்டா, எல்லாம்.

அவர் எழுந்து போய் டூல்ஸ் பையிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். உறையை நீக்கிக் கீபோர்டை அளந்தார். “அந்தப் பலகைய எடும்மா” என்றார். சிந்துஜா உள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றாள். அதையும் அளந்தார். டேப்பை விட்டதும் ‘சர்’ரென்று உள்ளே போனது.

“எப்பத்திலேருந்து தெரியும் மாஸ்டர்?”

“பரீட்சை அன்னிக்கே தெரியுங்க.”

“போன வாரம்தான் கோயம்புத்தூர்ல அட்மிஷன் போட்டுட்டு வந்தோம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் குடுத்தாச்சு.”

பலகையைக் கீபோர்டு மேல் வைத்தார்.

“மிஷின்ல அளவு தப்பறது சகஜம். நானே தப்பியிருக்கேன். அது பெரிய விஷயமில்ல.” அவர் டேப்பையே பார்த்துக்கொண்டு பேசினார். “ஆனா சாட்சின்னு உங்களத்தானே வச்சேன்.”

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

கேட் வரை சிந்துஜா வந்தாள். கையில் பலகை.

“எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும் சார். வந்ததும் அளந்து பாத்தேன். கீபோர்டுல ஏழு கட்டைய மொத்தமா அளந்து ஏழால வகுத்தேன். ரெண்டு புள்ளி மூணஞ்சு வந்துச்சு.”

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“நான் சொன்னா அது சாக்கு சார். நீங்க சொன்னாதான் காரணம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்வர வரிசை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“நீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு நாள் லைப்ரரி பக்கம் சைக்கிள்ல போனீங்க. கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல.”

எனக்குக் கேட்டிருந்தது.

“இந்தாங்க சார். வேற யாருக்காவது வேணும்.” பலகையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு கோடுகள்

அவர்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாணவர்கூட நிற்கவில்லை. பயந்தது எதுவும் நடக்கவில்லை. பிளாக் பிளாக்காக அதே காபி, அதே ஹால், அதே “வாங்க மாஸ்டர்”. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

சிந்துஜா கோயம்புத்தூரில் படித்து முடித்து, இப்போது பெங்களூரில் வேலையில் இருப்பதாக அவள் அம்மா சொல்லித் தெரியும். வாசிக்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

பலகையை அவள் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை வெளிச்சத்தில் பார்த்தேன். என் பழைய பெயின்ட் கோடுகளுக்கு மேல், பென்சிலால் அவள் புதிதாகக் கோடு போட்டிருந்தாள். சரியான அகலத்தில். அவள் அளவின்படி அந்தத் துண்டில் ஆறு கட்டைகள்தான் அடங்கின. ஏழாவதுக்கு இடமில்லை. அதனால் நோட்டு அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பலகையின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தாள். அதன் மேல் ‘சி’ என்று எழுதியிருந்தது.

அதை என் கீபோர்டோடு பொருத்தினேன். அன்று கரண்ட் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கடைசி வரியை வாசித்து, இடது கையை வீசினேன். மரம் தட்டியது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். சுண்டுவிரல் என் பழைய கட்டத்துக்கு நட்டநடுவில் இருந்தது. அவள் ஒட்டிய அட்டை, விரல் படாமல், பக்கத்தில் இருந்தது.